வெடித்த குழலை அறுக்கலாமா? வாசகர் கேள்விக்கு வழக்கறிஞர் பதில்

தேனி மாவட்டத்து மலையடிவாரத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருக்கிறார். ஏழு ஏக்கரில் மக்காச்சோளமும் நிலக்கடலையும் பயிரிடுகிறார். தந்தையார் காலத்திலிருந்தே வீட்டில் துப்பாக்கி உரிமம் உண்டு. அவர் மறைந்தபின் பயிர்ப் பாதுகாப்புக்கென்று தம் பெயரில் உரிமம் பெற்று, இரண்டு ஆண்டு நான்கு மாதங்களுக்கு முன் 12 போர் (குழல் துளையின் அளவு) இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்றை, உரிமம் பெற்ற கடையில் 85,000 ரூபாய்க்கு வாங்கினார். வாங்கிய முதல் மாதமே வலது குழலில், முனையிலிருந்து ஏழு அங்குலம் தள்ளி, மயிரிழை போல் ஒரு கோடு தெரிந்திருக்கிறது. கைப்பேசியில் படமெடுத்துக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியபோது, "பாலிஷ் கோடுதான், எண்ணெய் போட்டுத் துடைங்க" என்று பதில் வந்திருக்கிறது.

அதன்பின் நாற்பது தோட்டாக்கள்கூடச் சுட்டிருக்க மாட்டார். சென்ற மாதம் ஓர் இரவில், காட்டுப்பன்றிகளை விரட்ட வானத்தை நோக்கிச் சுட்டபோது, அந்தக் கோடு இருந்த இடத்திலேயே குழல் ஒரு பக்கமாகப் புடைத்து, ஒன்றரை அங்குல நீளத்துக்குப் பிளந்துவிட்டது. தெறித்த சில்லு இடது முன்கையைக் கிழித்ததில் அரசு மருத்துவமனையில் நான்கு தையல் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் சொல்வது இது: ஓராண்டு உத்தரவாதம் முடிந்துவிட்டது, பில் போட்டு இரண்டு ஆண்டு கடந்ததால் வழக்கும் செல்லாது, ப்ரூஃப் முத்திரை (சோதித்துத் தேறியதற்கான முத்திரை) உள்ள குழலில் குறை இருக்க வழியில்லை, முனையில் மண் அடைத்திருக்கும். ஆனாலும் துப்பாக்கியை ஒப்படைத்து, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால் 20,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். இதற்கிடையில் ஊர்ப் பட்டறைக்காரர் ஒருவர், இரண்டு குழல்களையும் எட்டு அங்குலம் அறுத்துவிட்டால் துப்பாக்கி பழையபடி வேலை செய்யும் என்கிறாராம். "அறுத்துவிடட்டுமா, வழக்குப் போடட்டுமா, கொடுப்பதை வாங்கிக்கொள்ளட்டுமா?" என்பது வாசகரின் கேள்வி.

ஐயா, வணக்கம். மூன்றில் முதலாவதற்கு மட்டும் ஒரே சொல்லில் விடை சொல்ல முடியும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அறுக்காதீர்கள்

உங்கள் துப்பாக்கி, உங்கள் குழல், உங்கள் பணம் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6-ஆவது பிரிவு, அதற்கென உரிமம் பெறாத எவரும் துப்பாக்கிக் குழலின் நீளத்தைக் குறைக்கக் கூடாது என்று தனியாகவே சொல்கிறது. பழுதுபார்ப்பதற்கும் சோதித்துப் பார்ப்பதற்கும்கூட 5-ஆவது பிரிவின்படி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருக்க உங்களுக்கு அளிக்கப்பட்ட உரிமம் வேறு, அதைப் பழுதுபார்க்க ஒருவருக்கு வேண்டிய உரிமம் வேறு. இந்தப் பிரிவுகளை மீறுவோருக்கு, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஏழு ஆண்டுக்குக் குறையாத சிறைத்தண்டனை என்று 25-ஆவது பிரிவு விதிக்கிறது. அது ஆயுள் தண்டனை வரை நீளலாம். டிராக்டர் கலப்பைக்கு வெல்டிங் வைப்பதுபோல் நினைத்து உதவ வருகிற பட்டறைக்காரரையும் அந்த வம்பில் நீங்கள் இழுத்துவிடுவீர்கள். குழலை மட்டும் கழற்றி அனுப்பினால் அது வெறும் இரும்புக் குழாய்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். சட்டத்தின் வரையறையில் துப்பாக்கியின் பாகமும் துப்பாக்கியே. ஆகவே கூரியரிலோ பேருந்துப் பார்சலிலோ அதை அனுப்பவும் கூடாது.

இரண்டாவது காரணம் வழக்கைச் சேர்ந்தது. உங்களிடம் இருக்கும் ஒரே சாட்சி அந்தக் குழல்தான். பல ஆண்டுகளுக்கு முன் நான் நடத்திய மோட்டார் பம்ப் வழக்கு ஒன்றில், கட்சிக்காரர் உடைந்த ஷாஃப்டைப் பற்றவைத்து, அரம் போட்டுத் தேய்த்து, பளபளவென்று கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். உடைந்த முகம் எப்படி இருந்தது என்று சொல்ல யாராலும் முடியவில்லை. வழக்கு அன்றைக்கே பாதி முடிந்துபோயிற்று.

உங்கள் கடிதத்தில் நான் அடிக்கோடிட்டு வைத்துக்கொண்ட ஒரு வரி உண்டு. பிளந்த விளிம்பில் ஒரு பகுதி கறுத்துத் துருவேறியும், மற்றொரு பகுதி வெள்ளிபோல் மின்னியும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். நான் உலோகவியல் படித்தவன் அல்லன். ஆனால் இத்தகைய வழக்குகளில் நிபுணர்கள் முதலில் தேடுவது இந்த வேறுபாட்டைத்தான். கறுத்த பகுதி பழைய விரிசலாக இருக்கலாம். மின்னும் பகுதி அன்றிரவு புதிதாகப் பிளந்தது. முழுவதும் ஒரே நேரத்தில் பிளந்திருந்தால் பழைய துரு அங்கே வர வழியில்லை. எனவே எண்ணெய்த் துணியால் துடைக்காதீர்கள், உப்புத்தாள் போடாதீர்கள், உள்ளே தடி விட்டுச் சுத்தம் செய்யாதீர்கள். மின்னும் பகுதியும் நாளடைவில் துருப்பிடித்தால் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். இன்றே பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, துப்பாக்கி எண்ணும் தெரியும்படி படமெடுத்துக்கொள்ளுங்கள். பின் உலர்ந்த துணியில் சுற்றி, மாத்திரைப் புட்டிகளில் வருகிற ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்கள் சிலவற்றோடு, பூட்டிய பெட்டியில் வையுங்கள். அன்று சுட்ட வெற்றுத் தோட்டாவும், அதே பெட்டியில் மீதமிருக்கும் தோட்டாக்களும், அவற்றின் பில்லும் அதே அளவு முக்கியமானவை.

ப்ரூஃப் முத்திரையும் மண் அடைத்த கதையும்

ப்ரூஃப் சோதனை என்பது, வழக்கமான தோட்டாவைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவை வைத்துச் சுட்டுப் பார்த்து, குழல் தாங்கியபின் முத்திரை குத்துவது. லண்டனில் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்ற காலத்திலிருந்து தொடரும் பழைய முறை. அந்த முத்திரை சொல்வதெல்லாம், சோதித்த அன்று குழல் தாங்கியது என்பதை மட்டுமே. உருக்கிலேயே கசடு இழை ஒன்று புதைந்திருந்தாலோ, துளை நடுவாக அமையாமல் ஒரு பக்கச் சுவர் மெலிந்துபோயிருந்தாலோ, அது சோதனையைத் தாண்டி வந்து, பின்னர் ஒவ்வொரு வெடிக்கும் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்து ஒருநாள் பிளக்கக்கூடும். முத்திரை இருப்பதால் குறையே இருக்க முடியாது என்ற வாதம் நிற்காது.

ஆனால் மண் அடைத்திருக்கும் என்ற வாதத்தை நீங்கள் இலேசாக எடுத்துக்கொள்வது எனக்குக் கவலை தருகிறது. எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் அதுதான். தோட்டா வெடிக்கும்போது அழுத்தம் உச்சத்தைத் தொடுவது தோட்டா அறையிலும் அதை அடுத்த ஓரிரு அங்குலத்திலும்தான். முனைப் பக்கம் போகப் போக அது வெகுவாகத் தணிந்துவிடுகிறது. ஆகவே வெடிமருந்து அதிகமான தோட்டா என்றால் குழல் அடிப்பக்கத்தில் வெடிக்கும். முனைக்கு ஏழு அங்குலத்தில் வெடித்தால், ஒன்று அந்த இடத்தில் அடைப்பு இருந்திருக்க வேண்டும், அல்லது அந்த இடத்து உலோகம் பழுதாக இருந்திருக்க வேண்டும். வரப்பில் சாய்த்து வைத்த துப்பாக்கியின் வாயில் ஈரமண் ஏறுவதும், குளவி கூடு கட்டுவதும், முந்தைய தோட்டாவில் மருந்துக்கும் குண்டுகளுக்கும் இடையே இருந்த அடைப்பான் உள்ளேயே தங்கிவிடுவதும் நடக்காத காரியங்கள் அல்ல. 12 போர் குழலில் தவறுதலாக அதைவிடச் சிறிய 20 போர் தோட்டாவைப் போட்டு, அது உள்ளே நழுவிச் சிக்கியது தெரியாமல் இன்னொன்றைப் போட்டுச் சுட்டு நேர்ந்த விபத்துகளும் உலகெங்கும் உண்டு.

அடைப்பினால் வரும் புடைப்பு, பாம்பு எலியை விழுங்கியதுபோல், பெரும்பாலும் குழலைச் சுற்றி வளையமாக இருக்கும். உங்களுடையது ஒரு பக்கம் மட்டும் புடைத்து, நீளவாக்கில், முன்பே கோடு தெரிந்த அதே இடத்தில் பிளந்திருக்கிறது. இது உங்களுக்குச் சாதகமான அடையாளம். ஆனால் அடையாளம் வேறு, ஆதாரம் வேறு. இறுதி வார்த்தையைச் சொல்ல வேண்டியது ஆய்வகம்.

காலம் கடந்துவிட்டதா?

உத்தரவாதம் முடிந்ததோடு உரிமையும் முடிந்தது என்பது கடைக்காரர்கள் பலரும் நம்பவைக்கும் செய்தி. உத்தரவாத அட்டை நிறுவனம் தானாக ஏற்றுக்கொண்ட வாக்குறுதி; சட்டம் தருகிற பாதுகாப்பு அதற்கு வெளியே இருக்கிறது. 1930-ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு, அவ்வகைப் பொருள்களை விற்கும் வியாபாரி விவரம் சொல்லி விற்ற பொருள் விற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது. வாங்கும்போது பார்த்தால் தெரிந்திருக்க வேண்டிய குறைகளை மட்டுமே அது விலக்குகிறது. உலோகத்துக்குள் ஒளிந்திருந்த குறையை விலக்கவில்லை.

இரண்டு ஆண்டுக் கணக்குதான் நுணுக்கமானது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு, வழக்கு மூலம் (வழக்குக்குக் காரணமான நிகழ்வு) எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும் என்கிறது. பில் தேதியிலிருந்து என்று சொல்லவில்லை. குழல் வெடித்ததும் காயம் பட்டதும் சென்ற மாதம். காயத்துக்கான கோரிக்கையைப் பொறுத்தவரை காலம் இப்போதுதான் ஓடத் தொடங்கியிருக்கிறது.

ஆனால் உங்கள் வாட்ஸ்அப் செய்தி இரு பக்கமும் கூரான கத்தி. "முதல் மாதமே விரிசல் இருந்தது எனக்குத் தெரியும்" என்று நீங்கள் எழுதினால், "அப்படியானால் அன்றைக்கே காலம் தொடங்கிவிட்டது, தெரிந்தே சுட்டது உங்கள் கவனக்குறைவு" என்று எதிர்த்தரப்பு அதையே திருப்பிப் பிடிக்கும். நடந்தது அதுவல்ல. நீங்கள் பார்த்தது ஒரு கோடு. அது என்னவென்று தொழில் தெரிந்தவரிடம் கேட்டீர்கள். பயப்பட ஒன்றுமில்லை என்று அவர் சொன்னதை நம்பினீர்கள். அது விரிசல் என்பது வெடித்த பிறகே தெரிந்தது. உண்மை இதுவென்பதால் புகாரிலும் இதே வரிசையில்தான் வர வேண்டும். கடையின் பதிலைத் தவிர்த்துவிட்டு உங்கள் படத்தை மட்டும் வெட்டிக் காட்டாதீர்கள். அந்தப் பதில்தான் உங்கள் கேடயம். கைப்பேசியை மாற்றாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். மின்னணுச் சான்றுக்கு, 2024 ஜூலை முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதிநியமம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின்படி சான்றிதழும் இணைக்க வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று, தாமதத்தைப் பொறுத்தருளக் கோரும் மனு ஒன்றையும் புகாரோடு சேர்த்தே தாக்கல் செய்துவிடுவது என் வழக்கம். அதனால் நாம் தாமதத்தை ஒப்புக்கொண்டதாக ஆகாது. "ஒருவேளை தாமதம் என்று நுகர்வோர் ஆணையம் கருதினால்" என்று எழுதினால் போதும்.

யாரிடம் எதைக் கேட்பது

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். "பொருளால் நேர்ந்த தீங்குக்கான பொறுப்பு" என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டத்தில் 82 முதல் 87 வரையிலான பிரிவுகள் வந்திருக்கின்றன. உற்பத்திக் குறைபாடு இருந்ததென்று நிறுவினால், உற்பத்தியாளர் 84-ஆவது பிரிவின்படி பொறுப்பாவார். ஆனால் இந்த அத்தியாயத்தில் "தீங்கு" என்பது உடல் காயம், மன வேதனை, பிற சொத்துக்கு நேர்ந்த சேதம் போன்றவை. பழுதான பொருளுக்கே நேர்ந்த சேதம் அதில் சேராது. எனவே கைக் காயத்துக்கான இழப்பீட்டை இந்த அத்தியாயத்தின்படியும், துப்பாக்கியின் விலையைக் குறைபாடுள்ள பொருளை விற்றதற்கான வழக்கமான கோரிக்கையாகவும், ஒரே புகாரில் இரண்டு தலைப்பாகப் பிரித்துக் கேட்க வேண்டும்.

கடைக்காரர் "நான் விற்றவன்தானே" என்று நழுவப் பார்ப்பார். பொருளைப் பரிசோதிப்பதில் தகுந்த கவனம் எடுக்காத விற்பனையாளருக்கும் 86-ஆவது பிரிவின்படி பொறுப்பு உண்டு. படத்தைப் பார்த்தும் துப்பாக்கியை நேரில் கொண்டுவரச் சொல்லாதது அந்தக் கவனக்குறைவுக்கு நல்ல உதாரணம். அதே சமயம், தீங்கு நேர்ந்தபோது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டோ மாற்றியமைக்கப்பட்டோ இருந்தால் விற்பனையாளர்மேல் இந்த வழக்கே போட முடியாது என்கிறது 87-ஆவது பிரிவு. வீட்டில் மருந்து நிரப்பிய தோட்டாக்களைப் பயன்படுத்தும் பழக்கம் உங்களுக்கு உண்டா என்பதைக் கடிதத்தில் சொல்லவில்லை. இருந்தால் உங்கள் வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுங்கள்.

விவசாயம் ஒரு வியாபாரம், ஆகவே நீங்கள் நுகர்வோரே அல்லர் என்ற வாதமும் வரலாம். சுயதொழிலாகத் தம் பிழைப்புக்கென்று வாங்கிப் பயன்படுத்துபவர் நுகர்வோரே என்று சட்டம் விளக்குகிறது. இந்த வரையறையை விரிவாக ஆராய்ந்த 1995-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, கோவையின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட் ஒரு தரப்பாக இருந்த வழக்கில் வந்ததுதான். சொந்த நிலத்தின் பயிரைத் தாமே காக்கும் ஏழு ஏக்கர் விவசாயிக்கு இதில் பெரிய தடை இருக்காது.

நீங்கள் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே புகார் தரலாம். தொழிற்சாலை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் இல்லை. ஆய்வு இல்லாமல் தீர்மானிக்க முடியாத குறையென்றால், ஆணையமே பொருளுக்கு முத்திரையிட்டு உரிய ஆய்வகத்துக்கு அனுப்ப 38-ஆவது பிரிவு வழி செய்கிறது. ஆய்வுச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். நீங்களாக ஒரு தனியார் ஆய்வகத்துக்குக் குழலைக் கொண்டுபோய்த் துண்டு வெட்டிக் கொடுத்து அறிக்கை வாங்குவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல். ஆய்வு தேவைப்படும் வழக்குகளை ஐந்து மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே மனத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள்.

காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுப்பது பற்றியும் கேட்டிருந்தீர்கள். குறையுள்ள பொருளை விற்றது மட்டுமே மோசடி ஆகிவிடாது. தெரிந்தே ஏமாற்றினார் என்று காட்ட வேண்டும். அதற்கு இப்போது உங்களிடம் எதுவும் இல்லை.

20,000 ரூபாயும் ஒரு கையெழுத்தும்

சமரசத்தை நான் ஒருபோதும் இழிவாகப் பேசுவதில்லை. ஆணையமே 37-ஆவது பிரிவின்படி சமரசத்துக்கு அனுப்பலாம். ஆனால் இப்போது கேட்கப்படுவது, சாட்சியையும் கொடுத்து உரிமையையும் எழுதிக் கொடுப்பது. குறைந்தபட்சம் துப்பாக்கியின் முழு விலையும் மருத்துவச் செலவும் எழுத்தில் வராமல் கையெழுத்து வேண்டாம். உற்பத்தியாளர் பார்க்க விரும்பினால், உங்கள் முன்னிலையில், அளவெடுத்து, படமெடுத்து, இரு தரப்பும் கையொப்பமிட்ட குறிப்போடு பார்க்கட்டும். புதுத் துப்பாக்கி தருகிறோம் என்றாலும் கையோடு வாங்கிவிட முடியாது. உங்கள் உரிமத்தில் பழைய எண்ணை நீக்கிப் புதிய எண்ணைப் பதிய மாவட்ட ஆட்சியர் அலுவலக அனுமதி வேண்டும். தொழிற்சாலைக்கே நேரில் கொண்டுபோகலாம் என்று நினைத்தால், முதலில் உரிமத்தில் எல்லைப் பகுதி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் செல்லும் உரிமத்தோடு பிற மாநிலத்துக்கு ரயிலேறினால், புகார்தாரர் குற்றவாளியாகத் திரும்பி வருவார்.

நீங்கள் செய்யாமல் விட்டிருக்கும் காரியம் ஒன்று. குழல் வெடித்ததை உரிமம் வழங்கும் அலுவலகத்துக்கும் காவல் நிலையத்துக்கும் எழுத்தில் தெரிவித்து, அஞ்சல் ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகலையும் வாங்கிவிடுங்கள். அதில் எழுதியிருப்பதும் நீங்கள் சொல்வதும் ஒத்திருக்க வேண்டும். துப்பாக்கியை வீட்டில் வைத்திருக்கத் தயக்கமாக இருந்தால் காவல் நிலையத்திலோ, விற்றவரல்லாத வேறோர் உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்து, சேதத்தின் விவரத்தோடு ரசீது பெறலாம்.

கடிதம் முழுவதும் "வேட்டைத் துப்பாக்கி" என்றே எழுதியிருக்கிறீர்கள், ஊர்வழக்கு அது. ஆனால் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1991-ஆம் ஆண்டுத் திருத்தமும் வந்தபின் பொழுதுபோக்கு வேட்டைக்கு இந்நாட்டில் இடமில்லை. பயிர்ப் பாதுகாப்பு உரிமம் துப்பாக்கி வைத்திருக்கத்தான் அனுமதி. பன்றியைச் சுட அனுமதி அன்று. அதற்கு வனத்துறையின் தனி ஆணை வேண்டும். "அன்று எதைச் சுட்டீர்கள்?" என்பதுதான் குறுக்கு விசாரணையில் வரும் முதல் கேள்வியாக இருக்கும். வானத்தை நோக்கிச் சுட்டது உண்மையானால் அதையே பிரமாணப் பத்திரத்தில் எழுதுங்கள். அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம்.

கடைசியாக, இடது குழல் நன்றாகத்தானே இருக்கிறது, கதிர் முற்றும் வரை அதை மட்டும் பயன்படுத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. இரண்டு குழல்களும் இடையில் ஒரே பட்டையால் ஒட்டப்பட்டவை. பக்கத்துக் குழல் பிளந்த அதிர்ச்சியில் இதற்கு என்ன ஆயிற்று என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒரே உருக்கில் செய்திருந்தால் அதே குறை இதிலும் இருக்கலாம். இன்னொரு வெடி வெடித்து ஏதாவது நேர்ந்தால், இம்முறை தெரியாமல் சுட்டேன் என்று சொல்ல உங்களால் முடியாது. இந்தப் பருவத்துக்குப் பயிர்ச் சேதத்தைப் படத்தோடு வனச்சரக அலுவலகத்தில் பதிவு செய்து இழப்பீட்டுக்கு விண்ணப்பியுங்கள். இரவுக் காவலுக்கு, உங்கள் தந்தையார் காலத்துத் தகர டப்பாவையும் பந்தத்தையும் மறுபடி எடுக்க வேண்டியதுதான்.